வெங்காயத்தோல் சாயமும் ஒரு பங்குனி ஆமையும்

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, நான்தான் கட் பண்ணினேன். "பாப்பாவோட ஸ்கூல்ல ஈஸ்டருக்கு முட்டைக்கு சாயம் போட்டு எடுத்துகினு வரச் சொல்றாங்கம்மா. உனக்குத்தான் தெரியுமே, கூடுவாஞ்சேரிக்கு வந்து சொல்லிக்குடு" என்று சாதாரணமாகத்தான் கேட்டாய். அந்த 'சாயம்' என்ற சொல்லில் மட்டும் மூன்று தடவை திக்கினாய். மற்ற நாட்களில் உன் திக்கல் என் காதில் விழுவதே இல்லை, பழகிவிட்டது. நேற்று விழுந்தது. விடிய விடிய விழுந்துகொண்டே இருந்தது. அதனால் காலையில் பாப்பாவின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. தைரியம் இருந்திருந்தால் முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருப்பேனே.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிய சேதி இல்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார பயம், கேஸ் அடுப்புக்கு பயம், நீ ஸ்கூட்டர் வாங்கியபோது ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் பிறக்கும்போதே இப்படி இல்லை. செங்கல்பட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் பாயின்ட்ஸ்மேன் மகளாக இருந்தவரை நான் கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போகிற பெண். பக்கத்து வீட்டில் ஒரு ரயில் கார்டின் குடும்பம் இருந்தது. ஆங்கிலோ இந்தியர்கள். அந்த வீட்டு டாலி ஆன்ட்டிதான் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் லைன் வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டு முட்டைக்குச் சாயம் போட வைப்பார். வெங்காயத்தோலைக் கொதிக்கவைத்தால் செங்கல் சிவப்பு, பீட்ரூட்டுக்கு ரோஜா நிறம், மஞ்சளுக்கு மஞ்சள். சாயம் பிடிக்க ஒரு மூடி வினிகர். முட்டையைக் கரண்டியில் வைத்து இறக்கிவிட்டு, பத்து எண்ணுவதற்குள் எடுத்துவிடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் அவற்றை வீடு முழுக்க ஒளித்து வைத்திருப்பார், நாங்கள் தேடி எடுக்க வேண்டும். நான் கோயிலில் கேட்ட பிரசங்கம் ஒன்றுகூட நினைவில் இல்லை. அந்த வினிகர் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

உன் அப்பா ஐஸ் பெட்டியில் மீன் ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வந்துபோன கதை உனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு மாமல்லபுரம் குப்பத்துக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. என் வீட்டில் அதோடு தலைமுழுகினார்கள். இந்த வீட்டில் உன் அத்தை காசாம்பு வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆமை பூந்த மாதிரி பூந்துட்டா" என்றார். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஊரெல்லாம் சொல்வதுதான், அதை என் முகத்துக்கு நேரே சொன்னது அவர் ஒருவர்தான். பிறகு அத்தை என்னிடம் எத்தனையோ நல்லது செய்தார், நீ பிறந்தபோது பத்தியச் சோறு ஆக்கிப்போட்டது அந்தக் கைதான். ஆனாலும் முதல் நாள் விழுந்த அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. வீட்டில் பால் திரிந்தாலும், வலை கிழிந்தாலும், ஊர் என்னைத்தான் பார்க்கிறது என்று தோன்றும். கடல் வேறு. ரயில் சத்தம் வந்தால் போய்விடும், அலைச் சத்தம் போகவே போகாது. உன் அப்பா இருட்டோடு கட்டுமரம் தள்ளிக்கொண்டு போனால், அவர் தலை தெரியும்வரை நான் சரியாக மூச்சுவிட்டதில்லை.

எழுபதுகளின் நடுவில், நீ ஒன்றாம் வகுப்பு படித்த வருஷம் அது. டாலி ஆன்ட்டி வீட்டு ஈஸ்டரைப் பற்றி உனக்கு வாய் ஓயாமல் சொல்லியிருந்தேன். என் மதத்தில் நான் கொண்டுவந்த மிச்சம் அவ்வளவுதான், ஒரு சாயம் போட்ட முட்டை. "நம்ம வூட்லயும் பண்லாம்மா" என்று நீ பிடித்த பிடியை விடவில்லை. அந்த வருஷம் பார்த்துக் குப்பத்துக் கோழிகளுக்கெல்லாம் கழிச்சல் வந்து ஒன்று மிச்சமில்லாமல் செத்துப்போயின. முட்டைக்கு எங்கே போவது? நீதான் சனிக்கிழமை காலையில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாய். சவுக்குத் தோப்பு ஓரமாக நாய் ஒரு குழியைத் தோண்டிப் போட்டிருந்ததாம், அதில் மிஞ்சியதை அள்ளி வந்திருந்தாய். பங்குனி ஆமையின் முட்டைகள். அந்த மாதங்களில் கரையேறி மணலில் முட்டையிட்டுப் போகும் ஆமைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். இப்போது அதைத் தொட்டாலே ஜெயில் என்கிறார்கள். அன்றைக்கு அது கோழிமுட்டை மாதிரி எல்லார் வீட்டிலும் சட்டியில் வேகிற பண்டம்.

என் முதல் தப்பு இங்கேதான். குப்பத்தில் பிறந்த சின்னப் பெண்ணுக்குக்கூடத் தெரியும், புது ஆமைமுட்டை கொஞ்சம் மங்கலாக, உள்ளே வெளிச்சம் போகிற மாதிரி இருக்கும். சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துவிட்டால் உள்ளே குஞ்சு வளர்ந்துவிட்டது என்று அர்த்தம், தூக்கிப் போட்டுவிடுவார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸ்காரிக்கு அது எப்படித் தெரியும்? நீ கொண்டுவந்தவற்றில் வெள்ளை வெளேரென்று இருந்தவையாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன், வெள்ளையில்தான் சாயம் நன்றாக ஏறும் என்று. வேகவைக்கவும் இல்லை. ஆமைமுட்டையை எத்தனை நாழி வேகவைத்தாலும் வெள்ளைக்கரு கெட்டிப்படாது, அதை மட்டும் அத்தை வீட்டில் பார்த்திருந்தேன். அப்புறம் விறகைச் செலவழிப்பானேன் என்று ஆறின சாயத்தில் பச்சையாகவே முக்கினோம்.

அன்று மத்தியானம் நாம் சிரித்த சிரிப்பு உனக்கு நினைவிருக்கிறதா? அத்தையின் இரண்டு பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். வினிகருக்குப் பதில் புளித்தண்ணீர். முட்டைத் தோல் மெத்தென்று இருந்ததால் அழுத்தின இடத்தில் குழி விழும், அந்தக் குழியில் சாயம் தேங்கும், நீங்கள் அதற்கு மூக்கு என்று பெயர் வைத்தீர்கள். உன் பல்லெல்லாம் பீட்ரூட் சிவப்பு. அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, முட்டைக்கு மஞ்ச தேச்சுக் குளிப்பாட்டிகினு கீற! அதுக்கு இன்னா கண்ணாலமா?" என்று இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். சாயம் ஏறிவிட்டதால் அடியில் இருந்த வெளுப்பு அவர் கண்ணில் படவில்லை. பன்னிரண்டு முட்டைகளையும் மணல் போட்ட மண்சட்டியில் அடுக்கி, அடுப்புத் திண்டு ஓரமாக வைத்தேன். மறுநாள் தேடுவதற்கு ஒளித்துவைக்க வேண்டுமே. அடுப்புச் சூடு அதற்கு என்ன செய்யும் என்று நான் யோசிக்கவேயில்லை.

மறுநாள் உன் அப்பாவும் அத்தை வீட்டு மாமாவும் ஒரே கட்டுமரத்தில் விடியுமுன் போய்விட்டார்கள். நான் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தேன். "யம்மா, செவப்பு முட்டை ஆடுது" என்று நீ உள்ளேயிருந்து கூப்பிட்டாய். விளையாடுகிறாய் என்றுதான் வந்தேன். வெங்காயத்தோல் சாயம் போட்ட முட்டை கிழிந்து, அதிலிருந்து கறுப்பாக ஒரு தலை வெளியே வந்திருந்தது. நீ பெரிய அதிசயத்தைப் பார்ப்பதுபோலக் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். முட்டையென்றால் பண்டம், இது உயிரோடு தலைநீட்டுகிறது. ஆமை. என் வீட்டுக்குள், என் அடுப்படியில், நான் செய்த வேலையால். புருஷன் கடலில் இருக்கும் நேரத்தில். உன்னைப்போல ஒரு நிமிஷம் பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். அப்போது என் காதில் அத்தை முதல் நாள் சொன்ன அந்த ஒரே ஒரு வாக்கியம்தான் கேட்டது.

சரியாக அந்த நேரம் பார்த்து வாசலில் அத்தையின் குரல். கைக்குக் கிடைத்த அலுமினியக் குண்டானை எடுத்துக் குஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை உள்ளே வந்து கதவோரம் சாய்ந்தார். "காத்து மேக்கால திரும்பிக்கிச்சுடி. கரையிலேர்ந்து தள்ளிகினு போவுது. இன்னும் நம்ம மரம் ஒண்ணுகூட வர்ல" என்றார். மேல்காற்று என்றால் என்ன என்று அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது. கரைக்கு வரவேண்டிய கட்டுமரத்தைக் கடலுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகும். அத்தை பேசிக்கொண்டே இருந்தார், குண்டானுக்குள் கறக் கறக் என்று சுரண்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "இன்னாடி சத்தம் அது?" என்றார். "நண்டு, அண்ணி" என்றேன். "நண்டா? எம்மாம் பெருசு, தெற பாப்போம்." நான் குண்டானின் மேல் முந்தானையை இழுத்துவிட்டேன். அப்போதுதான் நீ முகமெல்லாம் சிரிப்பாக, "அத்த, எங்க வூட்ல..." என்று ஆரம்பித்தாய். நான் உன் கையைப் பிடித்து அழுத்தினேன். நகம் பதிந்துவிட்டது. நீ கத்தினாய். வெளியே யாரோ அத்தையைக் கூப்பிட்டார்கள், அவர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைப்பக்கம் ஓடினார்.

அவர் போனதும் நான் உன் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, உன் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கி ஒன்று சொன்னேன். அதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்திருக்கிறேன். "இதை யார்கிட்டயாவது சொன்னே, அப்பா கடல்லேர்ந்து திரும்பி வரமாட்டாரு." இதுதான் நான் சொன்னது. ஆறு வயதுப் பிள்ளையிடம். நீ என்னைப் பார்த்த பார்வை அப்படியே இருக்கிறது. நீ அழவில்லை. வாயை மூடிக்கொண்டாய், அவ்வளவுதான்.

குஞ்சையும் மிச்ச முட்டைகளையும் குண்டானில் போட்டுத் துணியால் மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு சவுக்குத் தோப்பு வழியாக உன்னையும் இழுத்துக்கொண்டு போனேன். ஊர் முழுக்க அந்தப் பக்கம் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நம்மை யாரும் பார்க்கவில்லை. ஈர மணலில் இறக்கிவிட்டதும் அது தடுமாறித் தடுமாறி நடந்தது. அதன் முதுகில் செங்கல் சிவப்பில் ஒரு திட்டு ஒட்டியிருந்தது. ஒரு அலை வந்தது, போனது, பிறகு அது அங்கே இல்லை. மிச்சம் பதினொன்றையும் மணலில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

பிறகு நாமும் கூட்டத்தோடு போய் நின்றோம். மத்தியானத்துக்குள் மற்ற மரங்கள் ஒவ்வொன்றாக வந்துவிட்டன. நம்முடையது மட்டும் வரவில்லை. அத்தை மணலை வாரி இறைத்துக் கடலைத் திட்டினார். நான் மாதாவையும் கூப்பிட்டேன், குப்பத்து அம்மனையும் கூப்பிட்டேன், யார் காதில் விழுந்தாலும் சரி என்று. இரண்டு ஆம்பிளைகளையும் நான்தான் கொன்றுவிட்டேன், இந்த இரண்டு வீட்டையும் நான்தான் கெடுத்தேன் என்று மனசு அடித்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் நீ என் பக்கத்தில் நின்று, இரண்டு கையாலும் உன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். வெயிலில் நின்ற அத்தனை நேரமும் அந்தக் கையை நீ எடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தபோதும் எடுக்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அவர்கள் வடக்கேயிருந்து மணலில் நடந்து வந்தார்கள். நெம்மேலிப் பக்கம் எப்படியோ கரையேறியிருக்கிறார்கள். அத்தை ஓடிப்போய் மாமாவை அடித்து அடித்து அழுதார். உன் அப்பா உன்னைத் தூக்கி, "இன்னாடா, அப்பன் வந்துகீறேன், வாயத் தொறக்க மாட்டேன்றே?" என்றார். நீ திறக்கவில்லை. எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். வந்துவிட்டார், முடிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். உனக்கு எப்படி முடியும்? உன் அப்பா அன்று ஒரு நாளா கடலுக்குப் போனார்? மறுநாள் விடியலிலும் போனார், அதற்கு மறுநாளும் போனார். ஒவ்வொரு நாளும் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையை நான் உன் வாயில் கட்டிவிட்டிருந்தேன்.

பதினோரு நாள் நீ பேசவில்லை. அத்தை வேப்பிலை அடித்தார், நான் யாருக்கும் தெரியாமல் உன் நெற்றியில் சிலுவை போட்டேன். கடைசியில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார், "பையன் எதையாவது பார்த்துப் பயந்தானாம்மா?" என்று கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்தார். நீயும் என்னைப் பார்த்தாய். நான் "இல்லைங்க" என்றேன். தம்பி, அந்தக் குண்டான் காரியத்தைக்கூடப் பயத்தில் செய்ததென்று மன்னித்துவிடலாம். இந்த "இல்லைங்க"வை யோசித்துச் சொன்னேன். அன்று சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ வாயைத் திறந்தாய். "அ... அ... அப்பா, தண்ணி" என்றாய். உன் அப்பா சந்தோஷத்தில் பஸ்ஸிலேயே அழுதுவிட்டார். உடைந்து வந்த முதல் எழுத்தைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்கே தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னைப்போலப் பேசிக் காட்டினார்கள். நீ வாத்தியார் கேள்விக்குப் பதில் தெரிந்தும் எழுந்து நிற்காமல் இருந்தாய். உன் கல்யாணத்தில் மைக்கைக் கையில் கொடுத்தபோது நீ சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் கொடுத்துவிட்டாய். ஒவ்வொரு தடவையும் நான் எங்கேயாவது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஊரார் பரம்பரை என்றார்கள், கண்ணேறு என்றார்கள், நான் தலையை ஆட்டினேன். ஆமை புகுந்து நம் வீட்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. நீ படித்தாய், வேலைக்குப் போனாய், மாடி வீடு கட்டினாய். கெட்டது உன் பேச்சு ஒன்றுதான், அதைக் கெடுத்தது எந்த ஆமை என்று எனக்குத் தெரியும்.

உன் அப்பாவிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவர் படுத்த படுக்கையாகி, இனிமேல் கடலுக்குப் போக மாட்டார் என்று தெரிந்தபிறகு. அப்போதும் பாதி பயத்தோடுதான் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். "அடி போடி பைத்தியக்காரி. ஆமை வெளியேர்ந்து வூட்டுக்குள்ள பூந்தாத்தான்டி ஆகாது. இது நம்ம வூட்லயே பொறந்துச்சு. நம்ம வூட்டுப் புள்ள" என்றார். முப்பது வருஷம் நான் சுமந்ததை அவர் வெற்றிலை எச்சில் துப்புகிற நேரத்தில் இறக்கி வைத்துவிட்டார். அன்றைக்கே, அந்தக் கரையிலேயே சொல்லியிருந்தால் இப்படித்தான் சிரித்திருப்பார், நீயும் கூடச் சிரித்திருப்பாய். சிரிப்பு அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளையாண்ட சொல்லிடு" என்றார். நான் சரி என்றேன். அவர் போய் மூன்று வருஷமாகிறது. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

உனக்கு அது நினைவில் இருக்கிறதா, இல்லை மறந்தே போய்விட்டதா, எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம். நினைவிருந்தும் இத்தனை வருஷம் என்னிடம்கூடச் சொல்லாமல் இருந்தாய் என்றால் அதைத் தாங்க முடியாது. போன பொங்கலுக்கு உன் வீட்டில் பாப்பா கண்ணாடி டம்ளரை உடைத்தாள். "அப்பாகிட்ட சொல்லாத, அப்பாவுக்குக் கோவம் வந்துடும்" என்று மருமகள் அவள் காதில் சொன்னாள். எல்லா அம்மாக்களும் சொல்வதுதான், அவள்மேல் குற்றமில்லை. ஆனால் எனக்கு அதில் என் குரலே கேட்டது. டம்ளர் உடைந்தால் உடையட்டும், சாயம் தரையெல்லாம் கொட்டினால் கொட்டட்டும், அவள் ஓடிவந்து சொல்கிற பிள்ளையாக இருக்கட்டும். பெரியவர்கள் பயத்தைப் பெரியவர்களே வைத்துக்கொள்ள வேண்டும், தம்பி. குழந்தை கையில் கொடுத்தால் அது பத்திரமாக வைத்துக்கொள்ளும், திருப்பித் தரவே தராது.

நான் சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். வெங்காயத்தோலை இப்போதிருந்தே சேர்த்து வைக்கச் சொல், ஒரு பை வேண்டும். பீட்ரூட் இரண்டு போதும். கோழிமுட்டைதான் வாங்க வேண்டும், நன்றாக வேகவைத்து ஆறவைத்துக்கொள்ளுங்கள். சாயம் போடும்போது பாப்பா எப்படியும் ஆயிரம் கேள்வி கேட்பாள், "நீ சின்னப் புள்ளையா இருக்கும்போது போட்டியாப்பா?" என்று கேட்பாள். அப்போது நான் வாய் திறக்க மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். முட்டை ஆடியதை, அத்தை நண்டைக் கேட்டதை, அதன் முதுகில் இருந்த சிவப்பை, நான் சொன்ன அந்தச் சொல்லை, எல்லாவற்றையும். திக்கினால் திக்கட்டும், எத்தனை நாழியானாலும் அவள் உட்கார்ந்து கேட்பாள், நானும் உட்கார்ந்து கேட்பேன். நம் வீட்டு ஆள் ஒருவரும் இப்போது கடலில் இல்லை. சொல்லு தம்பி.

உன் அம்மா